பொருளாதாரச் செய்திகளும் வாக்காளர் எதிர்பார்ப்பும்

அதிபர் தேர்தலுக்கு முந்தைய மாதங்களில் வெளியாகும் வேலையின்மை, விலைவாசி, உற்பத்தி பற்றிய செய்திகள், நாட்டின் வருங்காலம் குறித்து வாக்காளர் கொள்ளும் எதிர்பார்ப்பை மாற்றக்கூடியவை. இத்தொடர்பு அரசறிவியலில் விரிவாக ஆராயப்பட்ட பொருள்களுள் ஒன்றாகும். இவ்வாய்வுகளில் பல ஐக்கிய அமெரிக்காவைப் பற்றியவை. 1992 ஆம் ஆண்டு நடந்த அமெரிக்க அதிபர் தேர்தல் இதற்கு அடிக்கடி எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது. அத்தேர்தலின்போது பொருளாதாரப் பின்னடைவு முடிந்து ஒன்றரை ஆண்டுக்கு மேலாகியிருந்தது. எனினும் பின்னடைவு நீடிப்பதாகவே வாக்காளர் பலர் கருதினர். பதவியிலிருந்த அதிபர் ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ் தோல்வியுற்றார்.

அடிப்படைக் கருத்து

ஒருவர் தம் குடும்பத்தின் பொருளாதார நிலையை நேரடியாக அறிவார். சம்பளம் உயர்ந்ததா, கடன் தவணையைக் கட்ட முடிகிறதா என்பதை அவருக்கு வேறெவரும் சொல்லத் தேவையில்லை. ஆனால் நாடு முழுவதும் எத்தனை பேர் வேலை இழந்தனர், உற்பத்தி கூடியதா குறைந்ததா என்பனவற்றை எவரும் நேரில் காண இயலாது. அவற்றைச் செய்தி ஊடகங்களின் வழியாகவே அறிய வேண்டியுள்ளது.

அமெரிக்க அரசறிவியலாளர்களான டொனால்ட் கிண்டர், ரொடெரிக் கீவியட் ஆகியோர் 1979 இலும் 1981 இலும் வெளியிட்ட ஆய்வுகளில், வாக்காளரின் முடிவில் சொந்த வரவு செலவை விட நாட்டின் பொருளாதாரம் பற்றிய மதிப்பீடே கூடுதல் பங்கு வகிக்கிறது எனக் காட்டினர். நேரில் காண முடியாத ஒன்றே வாக்கை மிகுதியாகப் பாதிக்கிறது என்பதால், செய்திகளின் பங்கு இங்கு முதன்மை பெறுகிறது.

கடந்த ஆட்சிக்காலத்தை எடைபோட்டு வாக்களிப்பது பின்னோக்கு வாக்களிப்பு எனவும், வருங்காலத்தைக் கருதி வாக்களிப்பது முன்னோக்கு வாக்களிப்பு எனவும் கூறப்படும். மைக்கேல் மக்குவென், ராபர்ட் எரிக்சன், ஜேம்ஸ் ஸ்டிம்சன் ஆகியோர் 1992 இல் வெளியிட்ட ஆய்வில், அதிபருக்குக் கிடைக்கும் மக்கள் ஆதரவு அன்றைய நிலையை விட வருங்காலம் பற்றிய எதிர்பார்ப்பையே பின்தொடர்கிறது என்றனர். தம் அன்றாட நிலையை மட்டும் பார்க்கும் குடியானவரைப் போலன்றி, வருவதைக் கணிக்கும் வங்கியாளரைப் போல வாக்காளர் நடந்துகொள்கின்றனர் என்பது அவர்களின் முடிவாகும்.

செய்திகள் வெளியாகும் முறை

அமெரிக்காவில் பொருளாதாரத் தரவுகள் முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட நாட்களில் வெளியாகின்றன. அவற்றுள் முக்கியமானவை:

- வேலைவாய்ப்பு அறிக்கை: தொழிலாளர் புள்ளியியல் பணியகம் மாதந்தோறும், வழக்கமாக முதல் வெள்ளிக்கிழமையன்று வெளியிடுகிறது.
- நுகர்வோர் விலைக் குறியீடு: இதே பணியகம் மாதந்தோறும் வெளியிடுகிறது. பணவீக்கம் பற்றிய செய்திகளுக்கு இதுவே முதன்மை அடிப்படை.
- மொத்த உள்நாட்டு உற்பத்தி: பொருளாதாரப் பகுப்பாய்வுப் பணியகம் ஒவ்வொரு காலாண்டும் முடிந்து ஏறத்தாழ ஒரு மாதத்தில் முதல் மதிப்பீட்டை வெளியிட்டு, பின்னர் அதனைத் திருத்துகிறது.
- பின்னடைவின் தொடக்கமும் முடிவும்: தேசியப் பொருளாதார ஆய்வுப் பணியகம் என்னும் தனியார் ஆய்வு நிறுவனத்தின் குழு, பல மாதங்கள் கழித்து அறிவிக்கிறது.

எனவே வாக்காளருக்குக் கிட்டுவது எப்போதும் சிறிது பழைய தகவலே. மேலும், கெட்ட செய்திக்கும் நல்ல செய்திக்கும் மக்கள் ஒரே அளவில் எதிர்வினை காட்டுவதில்லை. பிரித்தானியாவை முன்வைத்து ஸ்டுவர்ட் சொரோகா 2006 இல் வெளியிட்ட ஆய்வு, கெட்ட பொருளாதாரச் செய்திகளே ஊடகங்களிலும் மக்கள் கருத்திலும் கூடுதல் விளைவை ஏற்படுத்துவதைக் காட்டியது.

1992 அமெரிக்க அதிபர் தேர்தல்

1991 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வளைகுடாப் போர் முடிந்தவுடன் எடுக்கப்பட்ட கேலப் கருத்துக்கணிப்பில் புஷ்ஷின் செயல்பாட்டை 89 விழுக்காட்டினர் ஏற்றனர். 1992 சூலை மாதத்திற்குள் இது 29 விழுக்காடாகச் சரிந்தது.

இடைப்பட்ட காலத்தில் பொருளாதாரம் குறித்த அறிவிப்புகள் நிகழ்வுகளுக்கு மிகவும் பிந்தியே வந்தன. பின்னடைவு 1990 சூலையில் தொடங்கி 1991 மார்ச்சில் முடிந்தது. ஆனால் அது தொடங்கியது என்ற அறிவிப்பே 1991 ஏப்ரல் 25 அன்றுதான் வெளியானது. அது முடிந்துவிட்டது என்ற அறிவிப்பு 1992 திசம்பர் 22 அன்று, தேர்தல் நடந்து ஏழு வாரங்கள் கழித்து வந்தது. அவ்வாண்டின் மூன்றாம் காலாண்டில் உற்பத்தி 2.7 விழுக்காடு என்ற ஆண்டு வீதத்தில் வளர்ந்தது என்னும் முதல் மதிப்பீடு அக்டோபர் 27 அன்று, வாக்குப்பதிவுக்கு ஒரு வாரம் முன்னர் வெளியானது. தேர்தலுக்குப் பின் இம்மதிப்பீடு மேல்நோக்கித் திருத்தப்பட்டது.

சனநாயகக் கட்சி வேட்பாளர் பில் கிளின்டனின் பரப்புரை பொருளாதாரத்தையே மையமாகக் கொண்டிருந்தது. அவருடைய ஆலோசகர் சேம்சு கார்வில், பொருளாதாரத்தை மறக்க வேண்டாம் எனப் பணியாளருக்கு நினைவூட்டும் வாசகம் ஒன்றை லிட்டில் ராக் நகரிலிருந்த அலுவலகத்தில் எழுதி வைத்தது பின்னர் புகழ்பெற்றது. சுயேச்சை வேட்பாளர் ராஸ் பெரோ, வரைபடங்களின் துணையுடன் அரசின் பற்றாக்குறையை விளக்கும் அரைமணி நேரத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைக் கட்டணம் செலுத்தி ஒளிபரப்பினார். மீட்சியை ஊடகங்கள் மறைக்கின்றன என்பது புஷ் தரப்பின் குற்றச்சாட்டாக இருந்தது.

நவம்பர் 3 அன்று நடந்த வாக்குப்பதிவில் கிளின்டன் 43.0 விழுக்காடும், புஷ் 37.4 விழுக்காடும், பெரோ 18.9 விழுக்காடும் பெற்றனர். வாக்களித்து வெளியே வந்தோரிடம் எடுக்கப்பட்ட கணிப்பில், ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேர் நாட்டின் பொருளாதாரம் நன்றாக இல்லை என்றனர்.

இத்தேர்தலை ஆராய்ந்து மார்க் ஹெதரிங்டன் 1996 இல் வெளியிட்ட கட்டுரை, செய்தி ஊடகங்களை மிகுதியாகப் பின்தொடர்ந்தவர்கள் பொருளாதாரத்தைக் கூடுதலாகக் குறைத்து மதிப்பிட்டனர் எனவும், அம்மதிப்பீடு அவர்களின் வாக்கைப் பாதித்தது எனவும் கூறியது.

மாற்றுக் கருத்து

வாக்காளர் செய்திகளால் ஏமாற்றப்பட்டனர் என்ற முடிவை அனைவரும் ஏற்பதில்லை. பின்னடைவு முடிந்த பின்னரும் வேலையின்மை வீதம் உயர்ந்துகொண்டே சென்றது. 1991 மார்ச்சில் 6.8 விழுக்காடாக இருந்த அது, 1992 சூனில் 7.8 விழுக்காட்டை எட்டியது. உற்பத்தி வளர்ந்தும் வேலைகள் பெருகாத இந்நிலை "வேலைவாய்ப்பற்ற மீட்சி" எனப்பட்டது. பின்னடைவு முடிந்தது என்பது உற்பத்தி முதலியவற்றின் சரிவு நின்றதையே குறிக்கும். இழந்த வேலைகள் திரும்பக் கிடைத்ததை அது குறிக்காது. எனவே வேலை தேடிக்கொண்டிருந்த ஒருவர் பின்னடைவு தொடர்கிறது என்று கருதியதற்கு ஊடகங்கள் மட்டுமே காரணமல்ல. அவர் கண்டதும் மெய்யே. பொருளியலாளர் அளந்ததும் மெய்யே. இரண்டும் வேறு வேறு அளவீடுகள்.

பிற தேர்தல்கள்

1980: பணவீக்கம் மிகுந்திருந்த அவ்வாண்டில், தேர்தலுக்கு ஒரு வாரம் முன்னர் நடந்த விவாதத்தில் ரொனால்ட் ரேகன், நான்கு ஆண்டுகளுக்கு முன்பிருந்ததை விட இப்போது நன்றாக வாழ்கிறீர்களா என்று வாக்காளரைக் கேட்டார். இது பின்னோக்கு வாக்களிப்புக்கு விடுக்கப்பட்ட நேரடி அழைப்பாகக் கருதப்படுகிறது.

2012: அக்டோபர் 5 அன்று வேலையின்மை வீதம் 7.8 விழுக்காடாகக் குறைந்ததாக அறிவிக்கப்பட்டது. பராக் ஒபாமா பதவியேற்ற 2009 சனவரிக்குப் பின் அது 8 விழுக்காட்டுக்குக் கீழ் வந்தது அதுவே முதல் முறை. எண் திருத்தப்பட்டது எனச் சிலர் ஐயம் எழுப்பினர்; அதற்குச் சான்று எதுவும் கிடைக்கவில்லை.

2024: ஆண்டுப் பணவீக்கம் 2022 சூனில் இருந்த 9.1 விழுக்காட்டிலிருந்து 2024 செப்டம்பரில் 2.4 விழுக்காடாகக் குறைந்தது. எனினும் பணவீக்கம் குறைவது விலைகள் உயரும் வேகம் குறைவதே அன்றி, விலைகள் குறைவதன்று. செய்திகள் வேகத்தைக் கூறின; கடைகளில் வாக்காளர் கண்டது விலையை. வாக்களித்தோரில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் பொருளாதாரம் நன்றாக இல்லை என்றனர். ஆளுங்கட்சி வேட்பாளர் கமலா ஹாரிஸ் தோல்வியுற்றார்.

கட்சிச் சார்பு

ஒரே செய்தியை எல்லா வாக்காளரும் ஒரே வகையில் புரிந்துகொள்வதில்லை. தாம் ஆதரிக்கும் கட்சி ஆட்சியில் இருக்கும்போது பொருளாதாரத்தை உயர்வாகவும், இல்லாதபோது தாழ்வாகவும் மதிப்பிடுவது வழக்கமாகக் காணப்படுகிறது. 2016 நவம்பர் தேர்தலுக்குப் பின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் நுகர்வோர் மனநிலை ஆய்வில், குடியரசுக் கட்சியினரின் எதிர்பார்ப்பு விரைந்து உயர்ந்தது. சனநாயகக் கட்சியினரின் எதிர்பார்ப்பு வீழ்ந்தது. அச்சில வாரங்களில் பொருளாதாரம் அந்த அளவு மாறவில்லை. ஆகவே எதிர்பார்ப்பு வாக்கைத் தீர்மானிப்பது போலவே, அரசியல் சார்பும் எதிர்பார்ப்பைத் தீர்மானிக்கிறது. இவ்விரண்டையும் பிரித்தளப்பது இத்துறை ஆய்வாளர்கள் எதிர்கொள்ளும் முதன்மைச் சிக்கலாகும்.