முதற்பால்: மருத்துவர் உரைகளின் முரண்பாடு

மகப்பேறு நிகழ்ந்த வீட்டில் முதல் மூன்று நாள்களும் பெற்றோர்க்குப் பெருங்குழப்பம் விளைப்பனவாகும். பிள்ளை அழுகின்றது, தாய்க்குப் பால் இன்னும் பெருகவில்லை, துளித்துளியாய் வருவதும் தடித்த மஞ்சள் நிறப் பாலே. அதனைப் பீய்ச்சி எறிந்துவிட்டுச் சேனை வைக்குமாறு முதியோர் பணிப்பர்; அதனையே ஊட்டி, வேறொன்றும் கொடாதிருக்குமாறு மருத்துவர் பணிப்பர். இதனைப் பழமைக்கும் அறிவியலுக்கும் இடையே நிகழும் பூசல் எனக் கொள்வதே பெருவழக்கு. மருத்துவ நூல்களைக் கால முறையில் வைத்து நோக்குவார்க்கு அக்கொள்கை பொருந்துவதாகத் தோன்றாது. முதியோர் கூற்றும் ஒரு காலத்து மருத்துவர் கூற்றே என்பதும், மருத்துவர் தம்முள் நெடுங்காலமாகவே மாறுபட்டு வந்துள்ளனர் என்பதும் ஈண்டு நாம் காட்டக் கருதுவன.

வடமொழி மருத்துவ நூல்களுள் சரக சங்கிதை, பிறந்த பிள்ளைக்குத் தேனும் நெய்யும் தந்த பின்னர், முதற்கண் வலமுலைப் பாலை ஊட்டுமாறு விதிக்கின்றது. சுசுருத சங்கிதையோ, மூன்று அல்லது நான்கு இரவு கழிந்த பின்னரே தாய்க்குப் பால் பெருகும் எனக் கொண்டு, முன்னைய நாள்களுக்குத் தேனையும் நெய்யையும் மருந்துச் சரக்கோடு கூட்டித் தரச் சொல்கின்றது. ஒரே மரபைச் சார்ந்த இருபெரு நூல்கள் இங்ஙனம் வேறுபடுகின்றன. ஒன்றைக் கற்ற மருத்துவன் ஓரூரிலும் மற்றதைக் கற்றவன் அடுத்த ஊரிலும் இருந்திருப்பின், இடைப்பட்ட பெற்றோர் நிலை என்னாம்!

மேலைநாட்டிலும் இதுவே நிலை. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் உரோமை நகரில் மருத்துவம் புரிந்த எபேசு நகரத்துச் சொரேனசு என்பார், மகப்பேற்றிற்குப் பின் ஏறத்தாழ 20 நாள்வரை தாயின் பால் தடித்துச் செரித்தற்கரியதாய் இருக்கும் என்றும், அதுவரை பிறள் ஒருத்தியின் பாலையே ஊட்டுதல் நன்றென்றும் எழுதினார். முதல் உணவாக அவர் கூறியதும் தேனே. தமஸ்தேசு என்னும் மருத்துவர் இதனை மறுத்தவர்; பிள்ளை பிறந்தவுடன் உண்ணுதற்கென்றே இயற்கை பாலை முன்னரே அமைத்துள்ளது என்பது அவர் துணிபு. இன்றைய மருத்துவம் ஏற்பது தமஸ்தேசின் கொள்கையையே. ஆயினும் அவர் கொள்கையை நாம் அறிவது, அதனைக் கடிந்துரைத்த சொரேனசின் நூலாலேயாம். வென்றவர் நூலிலேயே தோற்றவர் உரை எஞ்சி நிற்றல் இலக்கிய வரலாறு பயில்வார்க்குப் புதிதன்று.

இனி நம் நாட்டு வழக்கினை நோக்குவோம். சருக்கரை நீர், தேன், விளக்கெண்ணெய் என இடந்தோறும் வேறுபடும் சேனை, சுசுருதர் கூறிய தேன்நெய்க்கு நெருங்கிய உறவுடையது. சேய்நெய் என்பதே சேனை என மருவிற்று எனக் கொள்ளின் அவ்வுறவு மேலும் வலுப்பெறும். நூல் வழக்கைத் தோற்றுவித்ததோ, வழக்கே நூலிற் புகுந்ததோ எனத் துணிதல் அரிது. எவ்வாறாயினும், சேனை வைக்கும் பாட்டியை நூலறிவற்ற பேதைமையின் உருவாகக் காட்டுதல் வரலாற்றுக்கு ஒவ்வாது. வியப்பு யாதெனின், பசு ஈன்றவுடன் கறக்கும் பாலுக்குச் சீம்பால், கடும்பு எனப் பெயரிட்டு, இனிப்புச் சேர்த்துக் காய்ச்சி விரும்பி உண்ட மக்களே, நோயெதிர்க்கும் பொருள்கள் மிக்க தாயின் முதற்பாலைத் தம் பிள்ளைக்கு மறுத்தனர் என்பதாம். கன்றின் பங்கு மனிதனுக்கு ஆயிற்று. மகவின் பங்கு மண்ணுக்கு ஆயிற்று.

1748-இல் இலண்டன் மாநகரின் ஆதரவற்ற குழந்தைகள் இல்லத்து ஆட்சியாளர் ஒருவர்க்கு வரைந்த மடலாக வில்லியம் கடோகன் ஒரு சிறுநூல் வெளியிட்டார். பிறந்த பிள்ளையின் வாயில் வெண்ணெயும் சருக்கரையும் எண்ணெயும் திணிக்கும் ஆங்கிலேயர் வழக்கை அவர் எள்ளி ஒதுக்கினார். ஆங்கிலேயர்க்கும் ஒரு சேனை இருந்தது போலும். முதற்பாலே பிள்ளையின் குடலைத் தூய்மை செய்யும் என்றார். ஆயின் அவரே, ஒரு நாளில் நான்கு முறைக்குமேல் பாலூட்டலாகாது, இரவில் அறவே கூடாது என்றும் விதித்தார். முன்னதை இன்றைய மருத்துவர் போற்றுவர். பின்னதைக் கேட்பின் நடுங்குவர். ஒருவர் வாய்ச்சொல்லிலேயே கொள்ளத்தக்கதும் தள்ளத்தக்கதும் விரவிக் கிடந்தமையின், அந்நூலைக் கையிற் கொண்ட பெற்றோர் அவற்றைப் பிரித்தறிதல் எங்ஙனம்?

கடோகனின் கடிகார முறை 20-ஆம் நூற்றாண்டில் நியூசிலாந்து நாட்டு துரூபி கிங் என்பாரிடம் நான்கு மணிக்கு ஒரு முறை என்னும் கட்டளையாக மீண்டும் தலையெடுத்தது. 1946-இல் அமெரிக்கரான பெஞ்சமின் இசுபாக், பெற்றோர் தம் உள்ளுணர்வை நம்புக என்று எழுதி அதனைத் தளர்த்தினார். மேலைநாட்டு மருத்துவமனைகள் பலவும் பிறந்த பிள்ளையைத் தாயினின்று பிரித்துத் தனியறையில் வைத்தன. 1989-இல் உலக நலவாழ்வு நிறுவனமும் ஐ.நா. குழந்தைகள் நிதியமும் கூடி வெளியிட்ட பத்து நெறிகள், தாயையும் சேயையும் ஓரறையில் வைக்குமாறும், பிள்ளை வேண்டும்போதெல்லாம் பாலூட்டுமாறும் கூறின. இதற்கிடையே 1970-களில், தேனிலுள்ள ஒருவகை நுண்ணுயிரியின் வித்துகள் கைக்குழந்தைக்கு நஞ்சாதல் கூடும் என்பது வெளிப்படலாயிற்று. சரகர், சுசுருதர், சொரேனசு மூவரும் ஒருப்பட்டுக் கூறிய தேன், ஓராண்டு நிறையாத பிள்ளைக்கு ஆகாதென இங்ஙனம் விலக்கப்பட்டது.

பிற உணவு தொடங்கும் காலமும் இவ்வாறே மாறியது. நான்கு முதல் ஆறு திங்கள்வரை தாய்ப்பால் மட்டும் போதும் என்றிருந்த உலக நலவாழ்வு நிறுவனத்தின் அறிவுரை, 2001-இல் ஆறு திங்கள் என வரையறை பெற்றது. அவ்வாண்டிற்கு முன்னொன்றும் பின்னொன்றுமாக இரு மக்களைப் பெற்ற தாய் ஒருத்தி, மூத்த பிள்ளைக்கு நான்காம் திங்கள் முடிந்தவுடன் கூழ் ஊட்டுமாறும், இளைய பிள்ளைக்கு ஆறு திங்களும் நிறையட்டும் என்றும் அறிவுறுத்தப்பெற்றிருப்பாள். இருமுறையும் அறிவுறுத்தியவர் ஒரே மருத்துவராகவும் இருந்திருத்தல் கூடும்.