பெயர் இழந்த நோய்

கண்ணிமை சிவந்து வீங்கி, விழி முன்தள்ளி நிற்குமாயின், கேடு கண்ணில்தான் என்று கொள்வது இயல்பு. ஆயினும் கண்குழியின் அழற்சி சில வேளை நுரையீரலில் மறைந்திருக்கும் பெருநோயின் வெளி அடையாளமாக அமைவதுண்டு. குருதிக் குழாய்களின் சுவர்கள் அழற்சியுற்று, மூக்கு, கண்குழி, நுரையீரல், சிறுநீரகம் ஆகியவற்றின் திசுக்களை அழிக்கும் அரிய நோய் ஒன்று அவ்வகையது. மூக்குத்தண்டு இடிந்து சேணம்போல் பள்ளமாகும். நுரையீரலில் புழைகள் விழும். இருமலோடு குருதி வரும். இந்நோயின் பெயருக்கு நேர்ந்த கதை தனியே எண்ணத்தக்கது.

ஜெர்மானியரான ஹைன்ஸ் கிளிங்கர் 1931இல் இத்தகைய நோயைப் பற்றி எழுதினார். பின்னர் பிரெஸ்லாவ் நகரில் (இன்றைய போலந்தின் விராட்ஸ்வாஃப்) பிணக்கூறாய்வு செய்துவந்த ஃபிரெட்ரிக் வேகெனர், மூன்று நோயாளிகளின் உடல்களை ஆராய்ந்து, 1936இலும் 1939இலும் தம் முடிவுகளை வெளியிட்டார். 1954இல் அமெரிக்காவில் காட்மன், சர்க் என்னும் இருவர் நோயின் இலக்கணத்தைத் தெளிவுற வகுத்தனர். நோய்க்கு வேகெனரின் பெயரே நிலைத்தது. கிளிங்கரை நினைத்தவர் சிலரே!

அக்காலத்தில் மருத்துவம் பெறாதோர் பெரும்பாலும் ஓராண்டுக்குள் மாண்டனர். 1970களில் சைக்ளோபாஸ்பமைடு என்னும் மருந்து ஸ்டீராய்டுடன் சேர்த்து வழங்கப்பட்ட பின்னரே நிலை மாறிற்று. 1985இல், வெள்ளணுக்களுக்கு எதிரான எதிர்ப்பொருளைக் குருதியில் கண்டறியும் ஆய்வும் இந்நோய்க்குத் துணையாயிற்று.

வேகெனருக்கு 1989இல் அமெரிக்க மார்புநோய் மருத்துவர் கல்லூரி விருது வழங்கிற்று. மறு ஆண்டு அவர் மறைந்தார். அதன் பின்னரே அவரது பழைய வாழ்வு வெளிப்பட்டது. ஹிட்லர் ஆட்சியேறுமுன்னரே, 1932இல், அவர் நாஜிக் கட்சியின் சீருடைப் படையில் சேர்ந்தவர். மறு ஆண்டு கட்சி உறுப்பினரானார். போர்க்காலத்தில் அவர் பணிபுரிந்த லோட்ஸ் நகரில்தான் யூதர்கள் பெருந்திரளாக அடைக்கப்பட்ட சேரி இருந்தது. மேட்சன், வாய்வோட் என்னும் மருத்துவர்கள் 2006இல் இச்செய்திகளை எழுதினர். விருதும் திரும்பப் பெறப்பட்டது.

குற்றம் எதுவும் அவர்மேல் மெய்ப்பிக்கப்படவில்லையே என்று வாதிட்டோர் உண்டு. அவ்வாதத்தைத் தள்ளிவிட இயலாது. எனினும் நோய்க்குப் பெயரிடுவது சிறப்புச் செய்தலேயன்றித் தண்டனைத் தீர்ப்பன்று. தண்டிக்கச் சான்று வேண்டும். சிறப்பிக்காதிருக்க ஐயமே போதும் என்பது எம் கருத்து.

2011இல் அமெரிக்க, ஐரோப்பிய மருத்துவக் கழகங்கள் கூடிப் பெயரை மாற்றின. பாலியாஞ்ஜைட்டிஸுடன் கூடிய கிரானுலோமட்டோசிஸ் என்னும் அந்நீண்ட பெயர் நாவில் எளிதில் நிற்பதன்று. ஆதலின் மருத்துவ ஏடுகள் பல, புதுப்பெயரை எழுதி, அடைப்புக்குறிக்குள் பழைய பெயரையும் சேர்த்தே அச்சிட்டு வந்தன.