தாரா ஷுகோவும் காசிப் பண்டிதரும்

பிற சமய நூலைத் தானே பயின்றறிதல் வேறு. அச்சமயத்து நிற்பார் ஒருவரை அடுத்துக் கேட்டறிதல் வேறு. ஷாஜகான் மன்னனின் மூத்த மகனாகிய தாரா ஷுகோவின் (1615–1659) வரலாற்றில் இவ்விரண்டன் பயனும் காணலாம்.

தாரா பிற சமயங்களை நாடுதற்கு முன்னரே தன் சமயத்துள் ஓர் ஆசிரியரை அடைந்தவன். லாகூரில் விளங்கிய மியான் மீர் என்னும் சூபி ஞானியார் 1635-இல் மறைந்தபின், அவர் மாணாக்கராகிய முல்லா ஷாவைக் காசுமீரத்திற் கண்டு, 1640-ஆம் ஆண்டளவில் காதிரி மரபில் உபதேசம் பெற்றான். அம்மரபின் பெயரைத் தன் பெயரோடு சேர்த்து எழுதினான். ஆதலின், எச்சமயத்தும் கால்கொள்ளாது திரிந்தவன் என அவனைக் கூறுவார் கூற்றுப் பொருந்தாது.

1653-இல் காந்தகார முற்றுகையில் வெற்றியின்றி மீண்டவன், லாகூரில் பாபா லால் என்னும் வைராகியைக் கண்டு பலகால் வினாவினான். இந்தவி மொழியில் நிகழ்ந்த அவ்வுரையாடல் பின்னர்ப் பாரசீகத்தில் எழுதப்பெற்றது. உருவ வழிபாடு எற்றுக்கு என அவன் வினாவ, மணமாகுமளவும் சிறுமியர் பாவை வைத்து ஆடுமாறு போல, உட்பொருள் விளங்குமளவும் அது நெஞ்சிற்குப் பற்றுக்கோடாம் என்றார் வைராகி. சிவஞானபோதத்தின் பன்னிரண்டாஞ் சூத்திரமோ சீவன்முத்தர்க்கும் ஆலய வழிபாட்டை விதிக்கின்றது. அந்நெறியில் நின்றார் ஒருவரை வினாவியிருப்பின் தாராவுக்குக் கிடைத்த விடை வேறாயிருக்கும். வினா ஒன்றே, விடையோ ஆசிரியரைப் பற்றியது.

1655-இல் அவன் இயற்றிய 'மஜ்மஉல் பஹ்ரைன்' இரு கடல்களின் கூட்டம் எனப் பொருள்படும். சூபியர் வழங்குஞ் சொற்களையும் இந்திய ஞானியர் சொற்களையும் இணை காட்டுவது அந்நூல். அதன்கண் சூபியர் 'இஷ்க்' என்னும் பேரன்பை இந்தியர் மாயை என்பர் எனக் குறித்தான். மாயையைப் பொய்த்தோற்றத்திற்கு ஏதுவென்பாரும், உலகிற்கு முதற்காரணமென்பாரும் இதனை ஒருங்கே மறுப்பர். ஒப்புமை காணும் விரைவே அவனை இங்ஙனம் எழுதுவித்தது போலும்.

ஈராண்டின்பின் அவன் செய்த பணி இதனினும் சிறந்தது. தோரா, சங்கீதம், சுவிசேடம் ஆகியவற்றையும் பயின்று, ஒருமைப்பொருளின் விரிவை வேண்டி, உபநிடதம் வல்ல பண்டிதரையும் சந்நியாசிகளையும் காசியினின்று வருவித்தான். அவர் துணையால் ஆறு திங்களில் ஐம்பது உபநிடதங்களைப் பாரசீகத்திற் பெயர்த்து, 1657-இல் 'சிர்ரி அக்பர்' எனப் பெயரிட்டு முடித்தான். குர்ஆன் குறிக்கும் மறைபொருள் நூல் இதுவே என முன்னுரையில் எழுதவுந் துணிந்தான். அப்பண்டிதரை அவன் பெயர் சுட்டிற்றிலன். எனினும், அவர் எம்மரபினர் என்பதை நூலே காட்டும். சங்கரர் பாடியப் பொருள் பலவிடத்தும் மூலத்தோடு விரவிக் கிடக்கின்றது. துணைநின்ற ஆசிரியர்க்கு அஃது உரையன்று; மூலத்தின் பொருளேயாம்.

1659-இல் தாரா கொலையுண்டான். 'பிரபு' என்னுஞ் சொல்லை நாகரி எழுத்திற் பொறித்த மோதிரம் அணிந்ததும் அவன்மேற் சாற்றிய குற்றங்களுள் ஒன்று. அவன் நூலோ அழிந்திலது. 1775-இல் பிரெஞ்சு அறிஞர் ஆங்கெத்தீல் துபெரோன் கையை எய்தி, அவரால் இலத்தீனில் ஆக்கப்பெற்று, 1801–1802-இல் இரு தொகுதியாக வெளிவந்தது. செருமானிய தத்துவஞானி சோபன்கோவர் 1814-இல் உபநிடதத்தைக் கற்றது அதன் வாயிலாகவே. மூலம் எது, உரை எது எனப் பிரித்துக் காண அவர்க்கு அப்போது வழியில்லை.