தீர்க்கப்படாத கடன்

கடன்பட்டு மறைந்த ஒருவரின் ஜனாஸாவுக்குத் தொழுகை நடத்தாமல் பெருமானார் (ஸல்) அவர்கள் ஒதுங்கி நின்றதையும், தோழர் அபூகதாதா (ரலி) அக்கடனுக்குப் பொறுப்பேற்ற பின்னரே தொழுவித்ததையும் நாம் அறிவோம். பொருட்கடனுக்கே இத்துணைக் கண்டிப்பு இருக்குமாயின், ஒருவரின் அறிவையும் கலையையும் பெற்றுக்கொண்டு அவர் பெயரை மறந்துவிடும் கடனுக்கு யார் பொறுப்பேற்பது? ஆங்கில இலக்கிய வரலாற்றில் அத்தகைய கடன் ஒன்று உண்டு. கொடுத்தவர் ஒரு பெண். பெற்றவர்கள் பெரும் புலவர்கள்.

1784ஆம் ஆண்டை நம் பகுதியினர் எளிதில் நினைவுகூர்வர். எங்கள் படாளம் அமைந்துள்ள செங்கற்பட்டுச் சீமை அப்போது போரால் பாழ்பட்டுக் கிடந்தது. 1780இல் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் மைசூர்ப் படையிடம் கம்பெனிப் படை படுதோல்வி கண்டது. அன்று மூண்டிருந்த போர், 1784 மார்ச்சில் திப்பு சுல்தானுடன் செய்துகொண்ட மங்களூர் உடன்படிக்கையோடுதான் ஓய்ந்தது. அதே ஆண்டில், இலண்டன் மாநகரின் கடனாளிகள் சிறையில், கணவருக்குத் துணையாக ஒரு பெண்மணி தங்கியிருந்தார். அவர்தாம் சார்லட் ஸ்மித். சிறையினின்று கணவரை மீட்கவும் குழந்தைகளுக்கு உணவளிக்கவும் அவர் கையில் இருந்த ஒரே முதல், அவர் எழுதி வைத்திருந்த கவிதைகளே.

1749இல் செல்வக் குடும்பத்தில் பிறந்த அவர், மூன்று வயதில் தாயை இழந்தார். பதினைந்து வயதில் பெஞ்சமின் ஸ்மித் என்பாருக்கு மணம் செய்து வைக்கப்பட்டார். மாமனார் மேற்கிந்தியத் தீவு வாணிகத்தில் பொருள் திரட்டியவர். அப்பொருளில் அடிமைகளின் கண்ணீரும் கலந்திருந்தது. கணவரோ ஊதாரி. பேரக்குழந்தைகளுக்குச் சொத்துச் சேர வேண்டும் என்று எண்ணிய மாமனார், தாமே ஓர் உயிலை எழுதி வைத்து 1776இல் இறந்தார். அவ்வுயிலின் குழப்பமான வாசகங்கள் வழக்கறிஞர்களுக்கு விருந்தாயின. வழக்கு முடிந்தது 1813இல். சார்லட் இறந்து ஏழாண்டுகள் கழித்து!

பதிப்பாளர் பொருளிட்டு வெளியிட முன்வராத நிலையில், அம்மையார் தம் செலவிலேயே சிச்செஸ்டர் நகரில் தம் முதல் நூலை அச்சிட்டார். ‘இரங்கற் சானெட்டுகள்’ என்று அதன் பெயரைத் தமிழாக்கலாம். பதினான்கு அடிகளால் ஆன சானெட் என்னும் பாவகை, மில்டனுக்குப் பின்னர் ஆங்கிலத்தில் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு மதிப்பிழந்து கிடந்தது. அந்த வறண்ட ஆற்றில் மீண்டும் நீர் வந்தது. முதலாண்டிலேயே மறுபதிப்புக் கண்ட அந்நூல், 1800க்குள் ஒன்பது பதிப்புகளாக வளர்ந்து, தொண்ணூற்றிரண்டு சானெட்டுகள் கொண்டதாயிற்று.

அதில் என்ன புதுமை? அரபு மொழியில் ‘மர்ஸிய்யா’ என்றும் தமிழில் ‘கையறுநிலை’ என்றும் நாம் சொல்லும் இரங்கற்பாடலின் உயிரை அவர் அச்சிறு வடிவத்தினுள் புகுத்தினார். சகோதரன் ஸக்ரை இழந்து பாடிய கன்ஸா அம்மையாரை மதரஸா மாணவர் யாவரும் அறிவர். தந்தை பாரியை இழந்த மகளிர் நிலவை நோக்கி ஏங்கியதைப் புறநானூறு சொல்லும். சார்லட்டும் நிலவோடும் இராக்குயிலோடும், தாம் வளர்ந்த ஊரின் அருன் ஆற்றோடும் தம் துயரைப் பகிர்ந்துகொண்டார். மிடில்டன் என்னும் சிற்றூரில் கடல் கரையை அரித்து இடுகாட்டையும் விழுங்குவதை ஒரு சானெட்டில் பாடினார். மாமல்லபுரக் கரையில் அலையின் பசியைக் கண்டவர்க்கு அப்பாடலின் பொருள் தானே விளங்கும். அலங்காரப் பொருளாக இருந்த இயற்கை, தனிமனித நெஞ்சின் உறவாக மாறியது. பின்னாளில் ‘ரொமாண்டிக்’ கவிதை என்று போற்றப்பட்டதன் ஊற்றுகளுள் ஒன்று இதுவே.

கேம்பிரிட்ஜில் பயின்றுகொண்டிருந்த வோர்ட்ஸ்வொர்த், 1789இல் வந்த ஐந்தாம் பதிப்பைத் தம்மிடம் வைத்திருந்தார். 1791இல் பிரான்சு செல்லும் வழியில் பிரைட்டன் நகரில் அம்மையாரை நேரிற் கண்டு, அறிமுகக் கடிதங்களும் பெற்றுச் சென்றார். கோல்ரிட்ஜ் 1796இல் ஒரு சிறு சானெட் தொகுப்பை வெளியிட்டபோது, தம் காலத்தில் இவ்வடிவத்தை மக்களிடம் பரப்பியவர்கள் சார்லட்டும் பவுல்ஸ் என்பாருமே என்று முன்னுரையில் ஒப்புக்கொண்டார். வோர்ட்ஸ்வொர்த்தோ முதுமையில், 1835இல், ஓர் அடிக்குறிப்பில் மனம் திறந்தார்: ஆங்கிலக் கவிதை இப்பெண்மணிக்குப் பட்ட கடன் பெரிது, அது ஒப்புக்கொள்ளப்படவோ நினைவில் நிற்கவோ போவதில்லை என்பது அதன் கருத்து. அவர் அஞ்சியவாறே ஆயிற்று. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அவர் பெயர் மங்கிக் கிடந்து, இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேதான் மீண்டும் துலங்கியது.

மற்றொரு கடனும் உண்டு. 1787இல் அவர் கணவரைப் பிரிந்தார். பன்னிரு பிள்ளைகளைப் பெற்ற அத்தாய், பத்துப் புதினங்கள் எழுதிக் குடும்பத்தைக் காத்தார். ஆயினும் அக்கால ஆங்கிலச் சட்டப்படி மனைவியின் சம்பாத்தியம் கணவனுக்கே உரியது. பிரிந்து வாழ்ந்த கணவர், எழுதிச் சேர்த்த பணத்துக்கும் உரிமை கொண்டாடினார். தம் பாடல்களில் ஓயாத சோகம் ஏன் என்று கேட்டவர்களுக்கு, துயரின் காரணம் இன்னும் நீங்கவில்லையே என்று ஒரு முன்னுரையில் அவர் விடை தந்தார். ஆங்கில மனைவியர்க்குத் தம் உழைப்பின் ஊதியம் சட்டப்படி உரிமையானது 1870இல். முழுச் சொத்துரிமை கிடைத்தது 1882இல்.

பெண் ஈட்டியது பெண்ணுக்கே என்று திருமறை பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கும் முன்னரே அறிவித்துவிட்டது என நாம் பெருமை கொள்ளலாம். கொள்ளுமுன் ஒரு கேள்வி. நம் பாகப்பிரிவினைகளில் எத்தனை சகோதரிகள் தம் பங்கைக் கேட்க நாணி, ‘விட்டுக்கொடுத்தேன்’ என்று கையொப்பமிடுகின்றனர்? நூலில் இருக்கும் உரிமை வீட்டில் இல்லையெனில் நாமும் கடனாளிகளே.

கவிதைக் கடனிலும் நாம் குற்றமற்றவர் அல்லர். ‘மெய்ஞ்ஞான தீப இரத்தினம்’ பாடிய கீழக்கரை ஆசியா உம்மா, இளையான்குடி கச்சிப்பிள்ளையம்மாள் ஆகியோரின் பெயரை நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் அறிவர்? உம்மாவும் பாட்டியும் பாடிய முனாஜாத்துகளும் தாலாட்டுகளும், இயற்றியவர் பெயரின்றி எத்தனை பழைய பெட்டிகளில் உறங்குகின்றன?

வாரிசுகளுக்குப் பங்கு பிரிக்குமுன் இறந்தவரின் கடனைத் தீர்ப்பதே நம் மார்க்கம் வகுத்த முறை. அப்பெட்டிகளைத் திறந்து, அந்த ஏடுகளைப் படியெடுத்து, பாடியவர் பெயரை முதற்பக்கத்தில் எழுதி வைப்போம். அந்தக் கடனேனும் நம் காலத்தில் தீரட்டும்.