காவிரியிலிருந்து ஒரு மலைக்கோட்டை

நெய்வேலில எங்களுக்கு ஆறுன்னா சுரங்கத்துல இருந்து பம்ப் பண்ணி விடுற தண்ணிதான். அதனாலேயோ என்னவோ, காவிரிக்கு அந்தப் பக்கம் திருச்சி மலைக்கோட்டை தெரியுற இந்த ஓவியத்தை விட்டு கண்ணை எடுக்க முடியல.

வரைஞ்சது தாமஸ் டேனியலும் அவரோட சகோதரர் மகன் வில்லியமும். 1792-ல மெட்ராஸ்ல கிளம்பி குமரி வரைக்கும் போனாங்க. வழியில வரைஞ்சதை லண்டன்ல செப்புத்தகட்டை ஆசிட்ல அரிச்சு அச்சடிச்சாங்க.

பார்க்க எவ்வளவு அமைதி! ஆனா பேஷண்ட் அமைதியா படுத்திருந்தாலும் ஹிஸ்டரி கேட்கணும்ல? சரியா 40 வருஷம் முன்னாடி, 1752-ல, இந்தக் கோட்டைக்காக நடந்த முற்றுகை முடிஞ்சப்போ எதிர்ல ஸ்ரீரங்கம் தீவுல பிரெஞ்சுப் படை சரணடைஞ்சுது. சந்தா சாகிப்போட தலையை வெட்டினாங்க.

அந்த ரணம் எதுவும் படத்துல என் கண்ணுக்குப் படல. வாங்கப்போறவங்க லண்டன்காரங்க, அவங்களுக்கு இந்தக் காவிரியே போதும்.