கீழத்தஞ்சை: குடிசை யாருடைய மண்ணில் இருந்தது?

1971, 1977, 1989, 1996, 1998, 2019, 2024. இத்தனை பொதுத் தேர்தல்களில் நாகப்பட்டினம் மக்களவைத் தொகுதியை இந்திய கம்யூனிஸ்ட் கட்சி ஜெயிச்சிருக்கு. கூட்டணிக் கணக்கும் உண்டு, மறுக்கல. ஆனா கூட்டணியில அந்தக் கட்சி இந்தத் தொகுதியைத் திரும்பத் திரும்ப ஏன் கேட்குது?

நிலமில்லாத கூலிகள் அதிகம், அதனால சிவப்புன்னு ஒரு பதில் சொல்வாங்க. எனக்கு அது போதாது. நிலமில்லாதவங்க எல்லா ஊர்லயும் இருக்காங்களே. அவங்க எங்க குடியிருந்தாங்கன்னு பார்க்கணும்.

கீழத்தஞ்சையில் பண்ணையாட்கள் பெரும்பாலும் தலித்துகள். ஊருக்கு வெளியே, சேரியில், நெருக்கமாக இருந்தார்கள். தீண்டாமைக்காக ஒதுக்கி வைத்த அதே தூரம், மிராசுதார் கண்ணில் படாமல் ராத்திரி கூட்டம் போடவும் உதவியது. பி. சீனிவாசராவ் சங்கம் கட்டியது அங்கேதான். 1944இல் மன்னார்குடி ஒப்பந்தம் வந்தது. சவுக்கடி கூடாது, சாணிப்பால் புகட்டக் கூடாது என்பதையே ஒரு ஒப்பந்தம் போட்டு நிறுத்த வேண்டியிருந்ததுன்னா, நிலைமையை யோசிச்சுப் பாருங்க.

மானுடவியலாளர் கேத்லீன் கஃப் 1950களின் தொடக்கத்தில் இந்த ஜில்லாவில் இரண்டு கிராமங்களில் தங்கி ஆய்வு செய்தார். ஒரே காவிரி, ஒரே நெல். ஆனாலும் கிழக்கே இருந்த கிராமத்தில் கம்யூனிஸ்டுகள் வேரூன்றியிருந்தார்கள். அக்ரஹாரம் ஆண்ட மேற்குக் கிராமத்தில் அப்படி இல்லை.

இதில் ஒரு பெரிய சிக்கல் இருந்தது. குடிசை போட்ட மண் பல இடங்களில் மிராசுதாருடையது. காலையில் கூலி கூடக் கேட்டால் சாயங்காலம் கூரையைப் பிரிக்கலாம். 1952 பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வேலையைப் பற்றிப் பேசியது. ஆனாலும் மனை அவன் பேரில்தான் இருந்தது. 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்டுச் செங்கொடியும் பிடித்த சேரியில், ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். குற்றம்சாட்டப்பட்ட நிலவுடைமையாளர்களை 1973இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது.

நடுவில் 1971இல் குடியிருப்பு உரிமைச் சட்டம் வந்தது. விவசாயத் தொழிலாளி குடியிருக்கிற மனை அவருக்கே சொந்தம். என் கணக்கில், கூலி உயர்வைவிட இது பெரிய விஷயம். அதுக்கப்புறம் வேலை இல்லைன்னு சொல்லலாம். வெளியே போன்னு சொல்ல சட்டத்தில் இடமில்லை. பட்டா கைக்கு வந்ததா என்பது வேற கதை. அதை அடுத்த எபிசோடில் பேசலாம்.