நாறும் பறவை, பாடும் பறவை

தென் அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில் இருக்கிறது கயானா. மக்கள்தொகை ஏறத்தாழ 8 லட்சம். அவர்களில் பத்தில் ஒன்பது பேர் கடலோரத்து ஒடுங்கிய வண்டல் நிலத்தில் வாழ்கிறார்கள். ஓதம் ஏறும்போது கடல் அந்த நிலத்தைவிட உயர்ந்து நிற்கும். டச்சுக்காரர் காலத்தில் தொடங்கிய கரையணையும் மதகுகளும்தான் ஊரைக் காக்கின்றன. அணைக்கு வெளியே சேறு, உள்ளே நெல்லும் கரும்பும், தெற்கே மழைக்காடு, அதற்கும் அப்பால் ருபுனுனி புல்வெளி. இத்தனை நிலங்களிலுமாக 800க்கு மேற்பட்ட பறவை இனங்கள் உள்ளன.

நாட்டுப் பறவை ஹோவாட்சின். பெர்பிஸ் பகுதியின் கான்ஜி ஆற்றோரப் புதர்களில் வாழ்வதால் ஊரார் அதைக் கான்ஜி ஃபெசன்ட் என்பார்கள். 1966இல் விடுதலை பெற்ற நாட்டின் அரசுச் சின்னத்திலும் அது இடம்பெற்றிருக்கிறது. கோழி அளவு உடல், நீல முகம், சிவந்த கண், விரிந்து நிற்கும் கொண்டை. உணவு பெரும்பாலும் இலைதான். மாட்டின் முதல் இரைப்பையில் நடப்பதைப் போல இதன் தொண்டைப் பையில் நுண்ணுயிர்கள் இலையை நொதிக்க வைக்கின்றன. பறவைகளில் இப்படிச் செரிப்பது இது ஒன்றே என்று 1989இல் ஆய்வாளர் காட்டினர். அந்தப் பை மிகப் பெரியது. பறக்கும் தசைகளுக்கு உரிய இடத்தையும் அதுவே எடுத்துக்கொள்கிறது. அதனால் நெடுந்தூரம் பறக்க இயலாமல் கிளைக்குக் கிளை தடுமாறித் தாவுகிறது.

குஞ்சின் ஒவ்வொரு சிறகிலும் இரண்டு நகங்கள் உண்டு. பகை நெருங்கினால் கூட்டிலிருந்து கீழே நீரில் குதிக்கும்; ஆபத்து விலகியதும் நீந்திக் கரையேறி, நகமும் காலும் அலகுமாகப் பற்றி மரமேறிக் கூடு சேரும். வளர வளர நகம் உதிர்ந்துவிடும். இந்த நகத்தை வைத்து இதை ஆதிப் பறவையின் எச்சம் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. இலை தின்னும் வாழ்வுக்கும் நீரோரக் கூட்டுக்கும் இவ்வளவு நுட்பமாகத் தன்னைப் பொருத்திக்கொண்ட பறவையைப் பழமையின் மிச்சம் என்பது அதன் திறமையை மறைப்பதாகும்.

நொதிக்கும் இலையால் அதன் மேல் சாணி வாடை வீசும். இறைச்சியும் நாறும் என்று வேட்டைக்காரர் பெரும்பாலும் கைவைப்பதில்லை. மக்கள் நெருங்கி வாழும் கரைக்கு அருகிலேயே அது பிழைத்திருப்பதற்கு அந்த வாடைக்கும் பங்குண்டு.

டோவா-டோவாவின் கதை நேர்மாறானது. மேலே கறுப்பும் வயிற்றில் செம்பழுப்புமான, விதை தின்னும் சிறு குருவி அது. கயானா ஆண்கள் சிறு கூண்டில் அதை வைத்துப் போகுமிடமெல்லாம் தூக்கிச் செல்வார்கள். ஞாயிறு காலையில் இரண்டு கூண்டுகளை அருகருகே தொங்கவிட்டுப் போட்டி வைப்பார்கள். முதலில் 50 முறை கூவும் குருவிக்கு வெற்றி. நியூயார்க்கில் குடியேறிய கயானியரும் இதை விடவில்லை. கூண்டில் பிறந்ததைவிடக் காட்டில் பிடித்த குருவியே நன்றாகப் பாடும் என்று நம்பி, முடி சுருட்டும் பிளாஸ்டிக் உருளைகளுக்குள் குருவிகளைத் திணித்துக் கடத்தியவர்கள் விமான நிலையத்தில் பிடிபட்டிருக்கிறார்கள். அந்தக் குருவியின் பாட்டை உயிராக நேசிப்பவர்கள்தான் அவர்கள். எனக்கு நெஞ்சை அறுப்பது அதுதான்.

கடலோரச் சேற்றுக்கு வருவோம். அமேசான் கொண்டுவந்து கொட்டும் வண்டல் கரையோரமாகவே வடமேற்கே நகர்ந்து, கயானாவரை சேற்றுத் திட்டுகளாகப் படிகிறது. வடதுருவத்தை ஒட்டிய சமவெளியில் குஞ்சு பொரித்துவிட்டு வரும் குட்டி உள்ளான்களுக்குக் குளிர்காலப் பந்தி இந்தச் சேறு. கயானா, சுரிநாம், பிரெஞ்சு கயானா ஆகிய மூன்றின் கரைகளில் 1980களிலும் பிறகு 2008 முதலும் விமானத்திலிருந்து எண்ணினார்கள். இடைப்பட்ட காலத்தில் ஏறக்குறைய 80 விழுக்காடு குறைந்திருந்தது. காரணங்கள் பல; தாழப் பறக்கும் கூட்டத்தைக் கம்பி வீசி வீழ்த்தி உண்பதும் அவற்றில் ஒன்று. பாட்டும் பகட்டும் இல்லாத இந்தப் பறவைக்காகப் பேச ஆள் குறைவு.

சிவப்பு சிஸ்கின் குருவிக்கு அதன் நிறமே பகையானது. மஞ்சள் கேனரியோடு கலந்து சிவப்புக் கேனரி உண்டாக்கலாம் என்று 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வளர்ப்பாளர் கண்டுகொண்டதும் வெனிசுவேலாவில் அதை வலைபோட்டு அள்ளினார்கள், காடுகளில் அருகிப்போயிற்று. 2000இல் கன்சாஸ் பல்கலைக்கழகம், ஸ்மித்சோனியன் ஆகியவற்றின் ஆய்வாளர்கள் தெற்கு ருபுனுனியில் அதைக் கண்டார்கள். பிடிகாரர் காதுக்கு எட்டிவிடக் கூடாதென்று உடனே வெளியே சொல்லவில்லை. 2003இல்தான் உலகுக்கு அறிவித்தார்கள்.